சிவிக்ஸ் நேர்காணல்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு கேள்வி

வல்லிபுரத்தான்

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் நாட்டின் அரசாங்கம், வரலாறு பற்றிக் கேட்கிற தேர்வுதான் சிவிக்ஸ். அதன் நூறு கேள்வியையும் பாடமாக்கின ஐயா ஒருவர் பத்தாவது கேள்வியில் விழுந்தார். 55 வயது தாண்டி, கிரீன் கார்டில் 15 வருடம் முடிந்தவர். அதனால் ஆங்கிலத் தேர்வு இல்லை, மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் சிவிக்ஸ் மட்டும். பழைய கேள்விப் பட்டியல், பத்துக்கு ஆறு சரியாக வேண்டும். ஒன்பது முடியும்போது ஐந்து சரி. பத்தாவதாக வந்தது, அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம் எது என்ற கேள்வி.

ஐயா யோசிக்கவே இல்லை. “உயர் நீதிமன்றம்” என்றார். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். அதை “ஹை கோர்ட்” என்று அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி தாளில் ஒரு கோடு போட்டார். முடிந்தது.

இலங்கையில் சுப்ரீம் கோர்ட்டின் பெயரே உயர் நீதிமன்றம்தான். ஹை கோர்ட்டை மேல் நீதிமன்றம் என்போம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் ஹை கோர்ட், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். ஐயா சொன்னது சரியான விடை. மொழிபெயர்த்தவரும் தன்னுடைய தமிழ்ப்படி பிழையாகச் சொல்லவில்லை. இடையில் பாக்குநீரிணை கிடந்தது.

வகுப்பெடுக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். தமிழில் விடை சொல்லலாம் என்று இருந்தாலும் சுப்ரீம் கோர்ட், பிரசிடென்ட், செனட், காங்கிரஸ் ஆகிய நான்கையும் ஆங்கிலப் பெயராகவே சொல்லப் பழக்குங்கள். எங்கட ஆட்களுக்கு “ஜனாதிபதி” என்றால்தான் விளங்கும். “குடியரசுத் தலைவர்” என்று கேட்டால் ஒரு கணம் முழிப்பார்கள். பிரசிடென்ட் என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

பொன்னிக்கரை

வல்லிபுரத்தான் அண்ணா, மொழிபெயர்த்தவர் மேல் பிழை இல்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நேர்காணலில் விண்ணப்பதாரரும் மொழிபெயர்ப்பாளரும் அதிகாரி முன்னால் ஜி-1256 என்ற படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்பதுதான் அதன் சாரம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது என்று தெரிந்தால், “இந்தச் சொல்லை விளக்கச் சொல்லட்டுமா?” என்று அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் இருவரும் தமிழில் பேசிக்கொண்டால் விடை எடுத்துக்கொடுப்பதாக எண்ணிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் பலர் முதலில் தோன்றிய சொல்லைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள்.

அதே வகையில் இன்னொன்று. கேபினட் பதவிகளில் இரண்டு சொல்லுங்கள் என்ற கேள்விக்கு ஒரு அம்மா “செகரட்டரி ஆஃப் ஸ்டேட்” என்று தயங்கித் தயங்கித் தொடங்கினார். பிறகு அவராகவே தலையை ஆட்டி, “இல்ல, அது மாநிலத்தோட செயலாளர், மந்திரி இல்ல” என்று விடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நம் ஊரில் செயலாளர் என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரி, மந்திரிக்குக் கீழே. இங்கே செகரட்டரிதான் மந்திரி. செகரட்டரி ஆஃப் ஸ்டேட் வெளியுறவு அமைச்சர். போதாக்குறைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அதே பெயரில் ஒரு மாநிலப் பதவியும் உண்டு. பல இடங்களில் தேர்தலை நடத்துவது அவர்தான். அம்மாவின் குழப்பத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு பதவி போதும் என்பதால் “வைஸ் பிரசிடென்ட், அட்டர்னி ஜெனரல்” என்று சொல்லிக்கொடுங்கள். மொழிபெயர்ப்பில் கெட்டுப்போகாத ஜோடி அது.

கொங்குத்தேன்

எங்க பக்கத்தில் நடந்தது செனட்டர் பெயரில். உங்கள் மாநிலத்தின் யூ.எஸ். செனட்டர் ஒருவர் பெயர் என்று கேட்டார்கள். அந்தப் பெரியவர் பெருமையாக ஒரு பெயர் சொன்னார். ஜனவரியில் பொங்கல் விழாவுக்கு வந்து, மாலை போட்டுக்கொண்டு, இவரோடு படமும் எடுத்துக்கொண்ட செனட்டர். அவர் மாநில செனட்டர். தவறான விடை.

நெப்ராஸ்கா தவிர 49 மாநிலங்களிலும் சட்டமன்றம் இரண்டு அவைகள் கொண்டது. மேலவையின் பெயர் செனட்தான். விழாவுக்கு வருகிற செனட்டர் அநேகமாக மாநில செனட்டராகத்தான் இருப்பார். வாஷிங்டனில் இருப்பவர்கள் மாநிலத்துக்கு 2 பேர், மொத்தம் 100. வாஷிங்டன் டி.சி.யில் குடியிருப்பவருக்கு செனட்டரே கிடையாது. அவர்கள் “டி.சி.க்கு யூ.எஸ். செனட்டர் இல்லை” என்று சொன்னால் அதுவே சரியான விடை.

உங்கள் ரெப்ரசென்டேட்டிவ், அதாவது ஹவுஸ் என்கிற கீழவையின் உறுப்பினர், யார் என்பது இதைவிடக் கஷ்டம். 435 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர். ஐந்து இலக்க ஜிப் கோடு போட்டுத் தேடினால் சில இடங்களில் இரண்டு பெயர் வரும், ஏனென்றால் தொகுதி எல்லை ஜிப் கோடைப் பார்த்துப் போடப்படுவதில்லை. முழு வீட்டு முகவரியைப் போட்டுத் தேடுங்கள். வீடு மாறியிருந்தாலும், மாநிலம் தொகுதிகளைத் திருத்தி வரைந்திருந்தாலும் விடை மாறியிருக்கும். நேர்காணல் நாளில் பதவியில் இருப்பவர் பெயரே கணக்கு, அதனால் அன்று காலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நெய்தல்72

மேலே “பத்துக்கு ஆறு” என்று படித்துவிட்டுப் புதிதாக வருபவர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் கொடுத்த தேதிதான் இதில் முக்கியம். 2025 அக்டோபர் 20-க்கு முன் கொடுத்தவர்களுக்கு 2008 தேர்வு: 100 கேள்வியில் 10 வரை கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ கொடுத்தவர்களுக்கு 2025 தேர்வு: 128 கேள்வியில் 20 வரை, 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார்கள், 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். 65 வயதும் கிரீன் கார்டில் 20 வருடமும் ஆனவர்களுக்கு மட்டும் 20 கேள்விகள் கொண்ட சின்னப் பட்டியல், அதிலிருந்து பத்துக்கு ஆறு. பழைய புத்தகத்தை அண்ணன் வீட்டிலிருந்து வாங்கிவந்து படிப்பவர்கள் முதலில் விண்ணப்ப ரசீதின் தேதியை எடுத்துப் பாருங்கள்.

பதவிக்கால எண்களில் நம் ஆட்கள் வழுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பிரசிடென்டின் காலம் கேட்டதும் வாய் “அஞ்சு” என்று சொல்லிவிடும், நாக்கில் நாடாளுமன்றம் ஊறியிருக்கிறது. இங்கே 2, 4, 6: ஹவுஸ் 2, பிரசிடென்ட் 4, செனட் 6. அவையைக் கலைப்பது, நம்பிக்கையில்லாத் தீர்மானம், இடைத்தேர்தலில் ஆட்சி கவிழ்வது எதுவும் இந்த ஏற்பாட்டில் இல்லை. பிரசிடென்டின் கட்சி ஹவுஸில் தோற்றாலும் பிரசிடென்ட் நாற்காலியில்தான் இருப்பார்.

செனட்டை ராஜ்யசபாவோடு பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். இரண்டிலும் 6 வருடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மாறும், துணைத் தலைவர் தலைமை தாங்குவார், சமநிலை வந்தால் மட்டும் அவருக்கு வாக்கு.

பொன்னிக்கரை

நெய்தல் சார், தேதி விஷயத்தில் நன்றி. ராஜ்யசபா உவமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31, கோவாவுக்கு 1 என்று மக்கள் தொகையைப் பார்த்து இடம் கொடுப்பது ராஜ்யசபா. செனட்டில் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் 2, ஆறு லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் 2. உவமையைப் பிடித்துக்கொண்டவர் “பெரிய மாநிலத்துக்கு ஏன் அதிக ரெப்ரசென்டேட்டிவ்?” என்ற கேள்வியை செனட்டோடு கலந்துவிடுகிறார். பண மசோதாவை ராஜ்யசபா தடுக்க முடியாது, செனட் தடுக்கும். நீதிபதிகளையும் அமைச்சர்களையும் ஒப்புக்கொள்வதும் செனட்தான். ஒரு ஒற்றுமை வரலாற்றில் உண்டு: 1913-ல் 17-வது திருத்தம் வரும்வரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன.

தாமிரபரணி அக்கா

எல்லாரும் விடை பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி பதிலில் ஜெயித்தும் காரியம் நின்றுபோன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சிவிக்ஸில் ஒன்றுகூடத் தவறவில்லை. அதன்பின் அதிகாரி படிவத்தைப் புரட்டி, “நீங்கள் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். “ஆமாம், லைசென்ஸ் வாங்கும்போது” என்றார் அவர், கடமையைச் செய்தவரின் முகத்தோடு. அறை அமைதியாகிவிட்டது.

1993-ல் வந்த சட்டப்படி ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவுக்கும் கேட்பார்கள். சின்னத் திரையில் கேள்விகள் வேகமாக வரும். உறுப்பு தானம் செய்வீர்களா, முகவரி சரியா, யூ.எஸ். குடிமகனா, வாக்காளராகப் பதிவு செய்யவா. பின்னால் வரிசை நிற்கிறது, மகன் வெளியே காரில் காத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் “யெஸ்” அழுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்று சொல்லிக் கையெழுத்திட்டால், 1996 சட்டத்துக்குப் பிறகு, அது நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். கூட்டாட்சித் தேர்தலில் வாக்களித்திருந்தால் அது தனிக் குற்றமும்கூட. தெரியாமல் செய்தேன் என்பது தானாகக் காப்பாற்றாது. சட்டத்தில் உள்ள விலக்கு மிகக் குறுகியது, பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்களாக இருந்து 16 வயதுக்கு முன்பே இங்கே குடியேறியவர்களுக்கானது. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்குப் பொருந்தாது.

அதனால் பிள்ளைகளே, உரிமம் எடுக்கப் பெற்றோரோடு உள்ளே போங்கள். குடிமகனா என்ற இடத்தில் “நோ”, பதிவு என்ற இடத்தில் “நோ”. கையில் தரும் தாளை அங்கேயே நின்று படியுங்கள். தவறுதலாகப் பதிவாகி வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்துவிட்டால் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்காதீர்கள். அட்டையைக் கிழித்துப் போடவும் வேண்டாம். முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் சொல்கிறபடி கவுன்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் ரத்து கேளுங்கள், பதிலின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். என்-400 அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்விக்குப் பொய்யாக “இல்லை” என்று எழுதினால் அது இரண்டாவது தவறாகும்.

வழக்கு விசாரணையில் ஜூரியாக உட்கார நீதிமன்றம் அழைக்கும் கடிதமும் இதே கதைதான். பல நீதிமன்றங்கள் வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் வரும். பயந்து குப்பையில் போடக் கூடாது, பதில் தராவிட்டால் அபராதம் வரை போகலாம். குடிமகன் இல்லை என்ற கட்டத்தைக் குறித்து, சொன்ன நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சில மாநிலங்களில் அப்படிக் குறித்தவர்களின் பெயர் தேர்தல் அலுவலகத்துக்கும் போகும். முன்பு லைசென்ஸ் எடுக்கும்போது தவறுதலாகப் பதிவாகியிருந்தால் அங்கே வெளிப்படும். அதற்காகப் பொய் சொல்லாதீர்கள், முன்னாலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கொங்குத்தேன்

அக்கா, சில ஊர்களில் கிரீன் கார்டுக்காரர்கள் சட்டப்படியே வாக்களிக்கிறார்களே? மேரிலாந்தின் டகோமா பார்க்கில் நகரத் தேர்தலில் குடிமகன் அல்லாதவருக்கும் 1990-களிலிருந்து வாக்கு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலில் பெற்றோருக்கு உண்டு. “எந்தத் தேர்தலிலும்” என்று சொல்வது சரியில்லை.

தாமிரபரணி அக்கா

நீங்கள் சொல்வது உண்மைதான் தம்பி. ஆனால் அந்த ஊர்களில் அதற்கெனத் தனிப் பதிவு வைத்திருக்கிறார்கள், மாநில வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் சொன்னது லைசென்ஸ் அலுவலகம் வழியாக மாநிலப் பட்டியலில் ஏறிவிட்டவர்களுக்கு. உங்கள் உதாரணத்தால் சிவிக்ஸுக்கும் ஒரு பயன் இருக்கிறது: குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமை எது என்று கேட்டால் “வாக்களிப்பது” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் “ஃபெடரல் தேர்தலில் வாக்களிப்பது” என்று முழுசாகச் சொல்லப் பழக்குங்கள்.

நெய்தல்72

வல்லிபுரத்தான், அந்த ஐயாவுக்கு மறுதேர்வு வந்ததா?

வல்லிபுரத்தான்

வந்தது. முதல் நேர்காணலிலிருந்து 60 முதல் 90 நாளுக்குள் கூப்பிடுவார்கள். தவறின பகுதி மட்டும்தான், அவருக்கு சிவிக்ஸ். ஆனால் கேள்விகள் புதிதாக வரும், முன்பு சரியாகச் சொன்ன ஐந்தும் கணக்கில் இல்லை. இரண்டாவதும் தவறினால் விண்ணப்பம் நிராகரிப்பு, திரும்பக் கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பொன்னிக்கரை சொன்னதை ஏற்கிறேன், கேட்டுத் தெளிவாக்கியிருக்கலாம். இந்த முறை மொழிபெயர்ப்பாளரோடு முதல் நாளே இருந்து சொற்களைச் சரிபார்த்தோம். இருபது சொல் வரை இரண்டு ஊருக்கும் வேறுபட்டன. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். ஐயா அந்தத் தாளில் உயர் நீதிமன்றம் என்ற சொல்லை மட்டும் பேனையால் வெட்டிவிட்டு, பக்கத்தில் தன் கையால் “சுப்ரீம் கோர்ட்” என்று எழுதினார்.