ஆழ்கடல் சுறாவின் செவுள் தேவை, உதவுவீர்களா?

வணக்கம். சுறாக்களின் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களை ஆய்வு செய்கிறேன். கொச்சித் துறைமுகத்தில் இறக்கிய ஆழ்கடல் சுறா ஒன்றில், பெரிய பச்சைக் கண்ணும் எண்ணெய் நிறைந்த ஈரலும் உள்ள வகை அது, இரண்டு புழுக்கள் கிடைத்தன. அரிசி நீளம்தான். பின்முனையில் ஆறு உறிஞ்சிகள், ஒவ்வொன்றிலும் அரிவாள் போல வளைந்த கொக்கி. அதனால் செவுளைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். அந்தக் கொக்கியின் வளைவு நான் படித்த எந்த விவரிப்போடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்கலாம் என்ற நினைப்பிலேயே இருக்கிறேன்.

ஆனால் சுறா பல நாள் ஐஸில் கிடந்ததால் புழுக்கள் நைந்துவிட்டன. புது இனம் என்று விவரிக்க விந்தகங்களை எண்ண வேண்டும், முட்டையின் வடிவம் தெரிய வேண்டும். இரண்டு நைந்த புழுக்களை வைத்து அது முடியாது.

குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகும் அண்ணன்மார் யாரையாவது தெரியுமா? இதற்கென்று சுறா பிடிக்கவே வேண்டாம். பிடிபட்டதை அறுக்கும்போது செவுளை உடனே எத்தனாலில் (கெடாமல் காக்கும் ஆல்கஹால்) போட்டால் போதும், டப்பாவோடு நானே தருகிறேன். அப்புறம், சுறாவின் படமும் பிடித்த ஆழமும் கட்டாயம் வேண்டும். புழுவின் உள்ளுறுப்புகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிய கார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஏற்றிப் பழகியவர்களும் பேசுங்கள்.