85 லிட்டர் தொட்டியில் இரண்டு அனிமோன், ஒன்று சுருங்கிக்கொண்டே போகிறது

வணக்கம். என் கடல்நீர்த் தொட்டியில் பபிள் டிப் அனிமோன் (பூப்போல விரியும் கடல் உயிரி, கடல் சாமந்தி வகை) ஒன்று 14 மாதமாக நன்றாக இருந்தது. மூன்று வாரம் முன்பு கொளத்தூரில் ஒரு கார்பெட் அனிமோன் (இன்னொரு வகை) வாங்கி மணலில் விட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து பபிள் டிப் சுருங்குகிறது.

காலையில் விளக்கு போட்டதும் பாதி விரிகிறது. மதியத்துக்குள் வாய் பிளந்து, பழுப்பு நூல் போல எதையோ கக்குகிறது. பாறையை விட்டு இரண்டு முறை இடம் மாறிவிட்டது. நேற்று இரவு வேவ்மேக்கர் (தண்ணீரில் அலை உண்டாக்கும் மோட்டார்) பக்கம் நகர்ந்ததால் அதற்கு ஸ்பாஞ்ச் மாட்டினேன். அனிமோனுக்குள் வாழும் பெண் க்ளவுன் மீன் மட்டும் இன்னும் அதை விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இடம் சென்னை. தொட்டி இரண்டடி நீளம், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) உண்டு, 26 டிகிரி. உப்படர்த்தி 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10. கார்பெட் நன்றாக விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

20 சதவீதத் தண்ணீர் இரண்டு முறை மாற்றினேன். நான்கு நாளுக்கு ஒருமுறை புது ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீரிலுள்ள நச்சை உறிஞ்சும் கரி) போடுகிறேன். தீனியை நிறுத்தினேன், வெளிச்சத்தையும் குறைத்தேன். மாற்றமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, தொட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் தண்ணீரில் கலக்கும் நச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன். பபிள் டிப் தானாகப் பிரிந்து இரண்டானால் சண்டை வராது, ஆனால் கார்பெட் வேறு இனம் அல்லவா?

கார்பனை நம்பி இரண்டையும் இதே தொட்டியில் வைத்திருக்க முடியுமா, இல்லை கார்பெட்டை இன்றே வெளியே எடுத்துவிட வேண்டுமா?