உண்ணிக் காய்ச்சல் இரண்டாம் முறை வந்துவிட்டது, மாத்திரை கொடுத்தும் ஏன்?

சுண்டல்_அம்மா, உறையூர்:

வணக்கம். எங்கள் சுண்டலுக்கு இரண்டு வயது. அசல் தெரு நாட்டு நாய். பிள்ளையார் சதுர்த்தி அன்று மலைக்கோட்டை அடிவாரத்தில் யாரோ வீசிவிட்டுப் போன தொன்னையை நக்கிக்கொண்டு நின்றான், கைக்குள் அடங்குகிற குட்டி. பெயர் வைக்க வீட்டில் விவாதமே நடக்கவில்லை. இப்போது 17 கிலோ.

ஜூனில் ஒருநாள் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கேட் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து மூன்று மூன்று படியாகத் தாவி வருகிறவன், தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து கோடு போட்ட மாதிரி ரத்தம். டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார், வெளுத்துக் கிடந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 42,000 தான். நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் 28 நாள் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாளே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டான். வேறு எதில் வைத்தாலும் மாத்திரையை மட்டும் துப்பிவிடுவான் என்று தயிர்சாதத்தில் உருட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள், "அதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு வயித்தைப் புண்ணாக்குற" என்றார் மாமா (என் மாமனார்). நானும் நிறுத்திவிட்டேன். தப்புதான், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

இப்போது ஆகஸ்டில் மறுபடியும் அதே சோர்வு, அதே வெளுத்த ஈறு. உடம்பில் தேடினால் நாலைந்து உண்ணிகள்தான் கிடைக்கின்றன. மருந்து ஷாம்பூ போட்டு வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறேன், அப்படியும் எங்கிருந்து வருகின்றன என்று புரியவில்லை. இன்னொரு பிரச்சினை, காதையும் பாதத்தையும் யாரையும் தொட விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மாமா விரலிடுக்கில் இருந்த உண்ணியைப் பிடுங்கப் போனார். உறுமினான், முதுகில் ஒன்று வைத்தார், மணிக்கட்டில் கவ்விவிட்டான். இரண்டு பல் பதிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை வாங்கி அடிக்கச் சொல்கிறார்கள். என் அம்மா தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவச் சொல்கிறாள். நான் என்ன செய்ய?

கோவில்பட்டி_கன்னி:

தங்கச்சி, திட்டுவதற்கு இங்கே யாருக்கும் தகுதி கிடையாது. இருபது வருசமாகக் கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களை வளர்க்கிறேன். முதல் நாயை இதே காய்ச்சலில், இதே மாதிரி பாதியில் மாத்திரையை நிறுத்தித்தான் பறிகொடுத்தேன்.

முதலில் மாத்திரை. ஐந்து நாளில் நாய் எழுந்து ஓடும், கிருமி போயிருக்காது. ரத்த அணுக்குள்ளே ஒளிந்து கிடக்கும், விட்ட இடத்திலிருந்து தொடங்கும். 28 நாள் என்றால் 28 நாள்தான். அப்புறம் அந்தத் தயிர்சாதம். டாக்சிசைக்ளினைப் பால், தயிர், மோரோடு கொடுத்தால் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர வேண்டிய அளவு சேராது. நீங்கள் கொடுத்த பன்னிரண்டு நாளும் முழுசாக உள்ளே போயிருக்குமா என்பதே சந்தேகம். இட்லிக்குள் வையுங்கள், வேகவைத்த ஈரலுக்குள் வையுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், வாந்தி எடுக்கும். விழுங்கியதும் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

ஆனால் மிச்ச மாத்திரையை எடுத்து நீங்களாகத் தொடங்காதீர்கள். டாக்டரிடம் போய் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி ஒரு நோயோடு நிற்காது, பபீசியா என்று இன்னொன்றும் கொண்டுவரும். அதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது, மருந்தே வேறு. மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஓடுங்கள். அங்கே பிடிபடவில்லை என்றால் தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாங்கள் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கல்லூரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உண்ணி எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டிலிருந்துதான். நாய் உண்ணி குஞ்சாக ஒருமுறை, இளசாக ஒருமுறை, முழுசாக வளர்ந்து ஒருமுறை என்று மூன்று தடவை நாய்மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து சுவர் இடுக்கில் போய்ச் சட்டை உரிக்கும். கடைசியில் பெண் உண்ணி இடுக்கிலேயே ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துவிட்டுச் சாகும். நாய்மேல் நாலைந்து தெரிகிறது என்றால் வீட்டில் நானூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பூ போட்டால் அன்றைக்கு உடம்பில் இருப்பது சாகும், அவ்வளவுதான்.

ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு தேடுங்கள். தரையில் தேடாதீர்கள், இந்த உண்ணி மேலே ஏறுகிற ஜாதி. நிலைக்கதவுச் சட்டம், சுவிட்ச் போர்டு ஓரம், கட்டில் பொருத்து, மாடிப்படிக்கு அடியில், அவன் படுக்கிற சாக்கின் மடிப்பு. எள்ளு மாதிரி, கருஞ்சீரகம் மாதிரி, ரத்தம் குடித்து ஊதிப்போனது அவரைக்கொட்டை மாதிரி, எல்லா அளவிலும் இருக்கும். சாக்கைக் கொளுத்துங்கள். துணி விரிப்பு என்றால் கொதிதண்ணீரில் போடுங்கள். விரிசலை ஒயிட் சிமெண்ட் வைத்து அடையுங்கள். சுவருக்கு அடிக்கும் மருந்தை டாக்டரைக் கேட்டு அடியுங்கள், காய்கிற வரைக்கும் நாயை மொட்டைமாடியில் கட்டுங்கள். ஒருநாள் செய்துவிட்டு விட்டால் முட்டையெல்லாம் பொரித்து மறுபடி ஏறும். மூன்று மாதமாவது விடாமல் செய்யவேண்டும்.

நாய்க்கு மாதம் ஒன்று கொடுக்கிற மெல்லும் மாத்திரை இருக்கிறது, நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா மாதிரி. விலை கையைக் கடிக்கும், ஆனால் வேலை செய்யும். கடித்த உண்ணி ரத்தம் குடித்துத்தான் சாகும், அதனால் கொடுத்த மறுநாளே "உண்ணி இருக்கிறதே" என்று பதறாதீர்கள். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாட்டு மருந்து வேண்டவே வேண்டாம். கலக்குகிற அளவு தெரியாமல் அடித்து, நாய் நக்கி, எச்சில் ஒழுகி நடுங்கியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கற்பூரமும் நக்கினால் விஷம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_மணி:

மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால் உண்ணி தானாக விழுந்துவிடுமே? எங்கள் தாத்தா அப்படித்தான் செய்வார்.

கோவில்பட்டி_கன்னி:

தாத்தா செய்தார், நாய்க்குத் தோல் உரிந்ததையும் தாத்தாவே பார்த்திருப்பார். வேண்டாம் தம்பி. ஊதுபத்தி நெருப்பால் சுடுவதும் வேண்டாம். புருவம் பிடுங்குகிற இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் வந்துவிடும். நகத்தில் வைத்து நசுக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றிய மூடியில் போடுங்கள்.

வார்டு_சிஸ்டர்:

எல்லாரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள், மாமாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே! பல் பதிந்து ரத்தம் வந்ததா? சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலில் போடுவது என்றால் முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு முறை போக வேண்டும். காயத்தின் ஆழத்தைப் பார்த்துக் கூட ஒரு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைத்துக் கட்டியிருந்தால் இப்போதே கழுவுங்கள். சுண்டலுக்கு இந்த வருட ஊசி போட்டாயிற்றா என்று அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.

சுண்டல்_அம்மா:

சிஸ்டர், மாமா மஞ்சள்தான் வைத்திருந்தார். உங்கள் பதிலைப் படித்துக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. நேற்று முதல் ஊசி போட்டாயிற்று. சுண்டலின் அட்டையில் தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகியிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது. காய்ச்சல் தணிந்ததும் போடலாம் என்றார் டாக்டர். ரத்தத்தில் பபீசியா இல்லை. மாத்திரையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம், இட்லியில்.

கோவில்பட்டி அண்ணா, காதையும் காலையும் தொடவிட என்ன வழி? வாயைக் கட்டிப் பிடிக்கலாமா?

கோவில்பட்டி_கன்னி:

உடம்பு தேறட்டும், அவசரம் இல்லை. கயிற்றால் வாயைக் கட்டாதீர்கள், நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். டாக்டரிடம் போகும்போது வேண்டுமானால் கூடை மாதிரி இருக்கிற வாய்ப்பூட்டு போடுங்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள் என்று மாமாவிடம் சொல்லுங்கள். உறுமல் என்பது அது வாய்விட்டுச் சொல்லும் "வேண்டாம்". அதற்கு அடி விழுந்தால், அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும்.

நான் செய்கிற முறை இது. அது தொடவிடுகிற இடம் ஒன்று இருக்குமே, தோள்பட்டை என்று வைத்துக்கொள்வோம். அங்கே தொடுங்கள், "சரி" என்று சொல்லுங்கள், வேகவைத்த ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு கொடுங்கள். கை முதலில், தீனி அப்புறம். இந்த வரிசை மாறினால் தீனியைக் காட்டினாலே சந்தேகப்படும். நாளைக்கு இரண்டு நிமிடம், அவ்வளவுதான். தோளிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம் என்று இறங்குங்கள். காலை இழுத்துக்கொண்டால் பிடிக்காமல் விடுங்கள், மறுநாள் ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். என் கன்னி ஒன்று விரலிடுக்கைத் தொடவிட ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. இப்போது சாயங்காலம் ஆனால் தானாக வந்து மல்லாக்கப் படுத்துக்கொள்ளும், ஈரலுக்காகத்தான்.

சுண்டல்_அம்மா:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். 28 நாளும் முடிந்தது, தட்டணுக்கள் 2,30,000. மாமாவுக்கு நான்கு ஊசியும் ஆயிற்று.

உண்ணிகளின் இருப்பிடம் சுண்டலின் சாக்கு இல்லை. கூடத்தில் ஆணியில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டி! தேதி கிழிக்கும்போது மாமா கையில் ஒன்று ஏறியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் தகர மடிப்பு நெடுக மிளகு கொட்டி வைத்த மாதிரி. கீழேதான் சுண்டல் மத்தியானம் தூங்குவான். வாளித் தண்ணீரில் சோப்பைக் கரைத்து நாள்காட்டியோடு முக்கினேன். ராகுகாலம் பார்க்க இப்போது பக்கத்து வீட்டுக்குப் போகிறார் மாமா.

முன்னங்கால் இரண்டும் தருகிறான். பின்னங்கால் இடது சரி, வலது பாதி. காதுக்குப் போனால் இன்னும் உறுமுகிறான், கையை எடுத்துவிடுகிறேன். நாளைக்கு மறுபடி தோளிலிருந்து.