புது நாட்டுக்கு வந்தாச்சு, போனில் எதை முதலில் சரிசெய்வது?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "எந்தெந்த ஆப் போடணும்?" என்றுதான். ஆளுக்கு இருபது பெயர் சொல்வார்கள். அதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: உங்கள் ஆப் ஸ்டோர் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது, ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது. இவை சரியாக இல்லையென்றால் மற்ற எதுவும் நகராது.

உள்ளூர் வங்கி, பஸ், ரயில் ஆப்கள் பலவும் அந்த நாட்டுக் கணக்கில் மட்டும்தான் கண்ணில் படும். ப்ளே ஸ்டோரில் நாட்டை மாற்ற, நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். அந்த நாட்டுக் கார்டும் வேண்டும். ஒருமுறை மாற்றினால் ஒரு வருஷத்துக்கு மறுபடி மாற்ற விடாது. பழைய ப்ளே பேலன்ஸும் புது நாட்டில் செல்லாது. ஐபோனிலோ, கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தைத் தீர்த்து, சந்தாக்களையும் நிறுத்திய பிறகே மாற்ற முடியும். ஆறு மாத வேலைக்கு வந்தவர்கள் ஆண்ட்ராய்டு போனில் இந்த வம்புக்கே போக வேண்டாம். இங்கே புதிதாக ஒரு கூகுள் கணக்கு திறந்து, அதையும் அதே போனில் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ஓடிபி. பழைய வங்கிக் கணக்கு இருக்கும்வரை பழைய எண்ணை சாகவிடாதீர்கள். ஈ-சிம் (கார்டு போடாமல் போனுக்குள்ளேயே இயங்கும் சிம்) வசதியுள்ள போன் என்றால் இரண்டு எண்ணும் ஒன்றிலேயே இருக்கலாம். பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். மெயில் மாதிரியான கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற ஆப் நல்லது. அது 30 நொடிக்கு ஒருமுறை காட்டும் 6 இலக்க எண்ணை போனே கணக்கிடுகிறது. சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போன் மாற்றும்போது பழையதைத் துடைப்பதற்கு முன் அதிலுள்ள கணக்குகளைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்ஆப்பைப் பழைய எண்ணிலேயே ஓட்டலாம். ஆனால் அந்த எண்ணை விடப்போகிறீர்கள் என்றால், முதலில் வாட்ஸ்ஆப்புக்குள் எண்ணை மாற்றிவிடுங்கள். கைவிட்ட எண் பிறகு வேறு யாருக்காவது போய்விடும்.

இனி தினசரி வேலைகள். கூகுள் மேப்ஸில் ஊரின் வரைபடத்தை வைஃபையில் இறக்கி வைக்கலாம். ஆனால் நெட் இல்லாதபோது அது கார் ஓட்டும் வழியைத்தான் சொல்லும். பஸ், ரயில், நடை எதற்கும் வழி வராது. கார் இல்லாத நமக்கு இதுதான் சிக்கல், அதனால் கிளம்பும் முன் வழியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரமென்றால் பஸ், ரயில் வழி காட்டும் சிட்டிமேப்பர் ஆப்பையும் போட்டுப் பாருங்கள். ரயில் ரத்தா, தாமதமா என்பதற்கு நான் நம்புவது அந்தப் போக்குவரத்துத் துறையின் சொந்த ஆப்பைத்தான்.

அறிவிப்புப் பலகை, மருந்துப் பெட்டி, வாஷிங் மெஷின் பட்டன் எல்லாவற்றுக்கும் கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமரா போதும். மொழிக் கோப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தமிழில் குழப்பமாக வந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கையெழுத்துப் போடும் வீட்டு ஒப்பந்தத்துக்கு மட்டும் மொழி தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஆப்களில் "கட்டணமே இல்லை" என்ற வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டணத்தை நாணய மாற்று விகிதத்துக்குள் ஒளித்திருப்பார்கள். ஒரே தொகையை, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆப்களில் போட்டு, அந்தப் பக்கம் கையில் எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் ஒப்பிடுங்கள். வைஸ் சந்தை விகிதத்தையும் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டுவதால், மற்றவற்றை அளந்துபார்க்க அது நல்ல அளவுகோல். அறைத் தோழர்களோடு செலவைப் பிரிக்க ஸ்ப்ளிட்வைஸ் ஆப் போடுங்கள், வாக்குவாதம் குறையும்.

சும்மா முயன்றுபார்க்கப் போடும் ஆப்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் பல ஆப்கள் தானாகவே பணம் எடுக்கும். ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது, ஸ்டோருக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று வையுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடிய இரண்டு. லாக் ஸ்கிரீனில் திறக்காமலே தெரியும்படி இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண்ணைப் பதியுங்கள். ஊர் எண்கள் எல்லாவற்றையும் பிளஸ் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துச் சேமியுங்கள்; இல்லையென்றால் புது சிம்மிலிருந்து அழைப்பு வேறெங்கோ போகும்.