ஔசான் சிலைகள்: முன்சர்ஜி காப்பாற்றினாராம்!

உப்புக்காற்று:
"ஏடன் துறைமுகத்துப் பார்சி வணிகர் கைக்கி முன்சர்ஜி இல்லையென்றால் பழைய யேமனின் ஔசான் நாட்டு அரசர் சிலைகள் மண்ணோடு மண்ணாகியிருக்கும்" என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவற்றை எங்கே தோண்டினார்கள்? வாதி மர்கா பள்ளத்தாக்குப் பக்கமாம். பக்கம் என்றால் பழைய இடிபாடு புதைந்த எந்த மேடு? கோயிலா, கல்லறையா?

நாணயப்பெட்டி:
எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். முன்சர்ஜி மண்வெட்டி தூக்கவில்லை. விற்க வந்ததைக் காசு கொடுத்து வாங்கினார். சிலைகள் இன்றும் ஏடன் அருங்காட்சியகத்தின் சொத்து. ஆங்கிலேய அதிகாரி காக்லன் யேமனின் அம்ரான் ஊர் வெண்கலப் பலகைகளை லண்டனுக்கே கொடுத்துவிட்டார். அவரைக் கேளுங்கள்.

உப்புக்காற்று:
அம்ரான் என்று ஊர்ப்பெயராவது அங்கே இருக்கிறது! உங்கள் ஔசான் அரசர் யஸ்துகில் சிலைக்குச் சுருள்முடி இருக்கிறது, கிரேக்கப் பாணி உடை இருக்கிறது, பீடத்தில் பெயர்கூட இருக்கிறது. கூடக் கிடந்த பானை ஓடு எங்கே? அது இல்லாததால்தான் எழுத்தின் வடிவத்தையும் உடையையும் வைத்துக் காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. மறுபடியும் கேட்கிறேன், எந்த மேடு?

மூன்றாம்பிறை:
கிரேக்க உடை என்றாலே எனக்குச் சந்தேகம். 19ஆம் நூற்றாண்டிலேயே யேமனின் சனா நகரில் போலி வெண்கலப் பலகைகள் செய்து விற்றார்கள்.

நாணயப்பெட்டி:
சிலை கல், ஐயா. கல்!

துறைமுகத்தான்:
ஏடன் பார்சிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், கவாஸ்ஜி தின்ஷா குடும்பத்துக்கு ஒரு வரிகூட இல்லை. வெட்கம்.

உப்புக்காற்று:
தின்ஷா புராணத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். காசு கொடுக்க ஆள் இருந்ததால்தான் தோண்டினார்கள். இதில் காப்பாற்றியது எங்கே வந்தது? 2015 மே மாதம் யேமனின் தமார் ஊர் அருங்காட்சியகமே வான்தாக்குதலில் இடிந்து விழுந்தது. மண்ணுக்குள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் பத்திரமாகத்தானே கிடந்தன?

நாணயப்பெட்டி:
அப்படியானால் அகழாய்வுகளையும் நிறுத்திவிடலாமே. சிரியாவின் பழம்நகர் பால்மைரா பற்றிய விவாதத்தில் பாதியில் ஓடியவர் இங்கே வந்து மேடு கேட்கிறார்.

உப்புக்காற்று:
நான் ஓடவில்லை. மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார். எந்த மேடு?

துறைமுகத்தான்:
பூட்டியதற்குக் காரணமே உங்கள் வாய்தான். தின்ஷாவைப் புராணம் என்றதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.