மாமாவின் சீக்கோ: ‘ஏலியன்ஸ்’ படத்து மணிக்கூடு இதுதானா?

வாவிக்கரையான், கல்லடி

அனைவருக்கும் வணக்கம். எனது தாய்மாமா 1985இல் சவூதியிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சீக்கோ கைமணிக்கூடு ஒன்று, அவர் காலமான பின்னர் நெடுநாள் அலுமாரியில் கிடந்து, இப்போது என்னிடம் வந்துள்ளது. வலப்பக்கத்தில் பெட்டி போன்றதொரு பகுதி துருத்திக்கொண்டிருக்கிறது. பின்மூடியில் 7ஏ28-7000 என்றும், 45 எனத் தொடங்கும் ஆறு இலக்கங்களும் உள்ளன. ‘ஏலியன்ஸ்’ திரைப்படத்தில் ரிப்ளி அணிந்திருப்பது இதையே என்று மருமகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? திருத்தக் கொடுத்தால் புதிதுபோல மினுக்கித் தருவதாகவும் ஒருவர் கூறுகிறார்.

பழைய முள், கல்முனை

தம்பி, மருமகன் சொல்வது சரி. 1986இல் வெளிவந்த அப்படத்தில் ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவரின் கையில் இருப்பது 7ஏ28-7000தான். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜுஜாரோ. கால இயந்திரமாகத் திரையில் ஓடிய டெலோரியன் காரும் அவர் வரைந்ததே. உள்ளிருக்கும் 7ஏ28 இயந்திரம் 1983இல் வந்தது. நிறுத்தற் கடிகார வசதியுடன் முட்களால் காட்டும் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டு இயந்திரங்களில் உலகில் முதலாவது அது. நொடியின் இருபதில் ஒரு பங்குவரை அளக்கும்.

சீக்கோவின் தொடர் இலக்கத்தில் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஆகவே உங்களுடையது 1984 மே மாதம் செய்யப்பட்டது. மாமா திரும்பிய ஆண்டோடும் பொருந்துகிறது.

நீலாவணை வாசகன்

மினுக்கக் கொடுக்கவே வேண்டாம். ‘பிரெடேட்டர்’ படத்தில் ஆர்னோல்ட் அணிந்த சீக்கோ எச்558 வகை ஒன்றை நான் மிகுந்த சிரமத்தின் பின் தேடிப் பெற்று, கீறலை மட்டும் எடுக்கும்படி சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது விளிம்புகள் அனைத்தும் தேய்ந்து சவர்க்காரக் கட்டி போல வழுவழுத்திருந்தன. கீறலுடன் இருந்தபோது கேட்ட விலையில் பாதியைக்கூட இப்போது எவரும் தருவதாயில்லை.

பழைய முள், கல்முனை

உண்மைதான். முதலில் பழைய பற்றரியை அகற்றுவியுங்கள். கசிந்திருந்தால் உள்ளே பச்சை படிந்திருக்கும். 7ஏ28 முழுவதும் உலோகத்தால் ஆனது. கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டலாம் என்பதால் பயம் வேண்டாம். பின்மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், நம் கடற்காற்றின் உப்புக்கு அது அவசியம். பற்றரி மாற்றியதும் நிறுத்தற் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டில் நில்லாவிட்டால் கோளாறென்று எண்ண வேண்டாம். குமிழை வெளியே இழுத்து, அழுத்திகளால் நேராக்கலாம்.

இன்னொன்று: படத்தின் பெயரைச் சொல்லி விலையேற்றுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாதிரி ஒன்றாக இருப்பதனால் அந்த மணிக்கூடே படத்தில் வந்ததாகாது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கென ஹமில்டன் நிறுவனம் செய்த மணிக்கூடு 1968இல் கடைக்கே வரவில்லை.

வாவிக்கரையான், கல்லடி

இருவருக்கும் நன்றி. இன்று மூடியைத் திறந்தோம். பற்றரியின் ஓரத்தில் மட்டும் சிறிது பச்சை. திருத்துபவர் பஞ்சால் துடைத்துப் புதியது போட, சிறிய நொடிமுள் உடனே நகர்ந்தது. பெரிய முள் ஏழில் நிற்கிறது. இன்றிரவு குமிழை இழுத்துப் பார்க்கிறேன்.