பெட்போர்டு மாமாவின் நோட்டு (குன்னூர் குடும்பக் குழு)

மாமா: இன்றைய கணக்கு. காலை இட்லி 3. மதியம் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். இரவு சப்பாத்தி 2. நடை 40 நிமிடம். எடை நேற்றைவிட 600 கிராம் கூடுதல்! இதை எழுதி யாருக்கு என்ன லாபம்?

அத்தை: நாலு மணிக்கு உள்ளே போன வர்க்கி பிஸ்கட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மாமா: அது சாப்பாடு இல்லை. டீக்குத் துணை.

கோத்தகிரி சித்தி: அண்ணா, ஊட்டி வர்க்கிக்கு 2023-லேயே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். உங்கள் நோட்டில்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை 😂

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நான் படித்துவிட்டேன்.

அண்ணி: மாமா, டீ எத்தனை?

மாமா: இந்தக் குளிருக்கு ஐந்து கூட இல்லாமல் எப்படியம்மா?

அண்ணி: ஒவ்வொன்றிலும் சர்க்கரை இரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 50 கிராம், அதாவது 200 கலோரி. கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சோறு. வர்க்கியில் கொழுப்பு நிறைய. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4தான். நீங்கள் இட்லியைக் கறாராக எண்ணுகிறீர்கள், எடையைக் கூட்டுவதோ வேளைக்கு வேளை நடுவில் போவதுதான். இரவில் நினைவுபடுத்தி எழுதாமல், வாயில் போடும் முன்பே எழுதிவிடுங்கள்.

மாமா: அந்த 600 கிராம்?

அண்ணி: நேற்றுக் கல்யாண வீட்டில் அப்பளம், ஊறுகாய் எல்லாம் உண்டல்லவா? உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரே நாளில் அவ்வளவு கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் 4,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். தினமும் தராசில் ஏறாதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றோடு போதும்.

சித்தி: நானும் இன்று முதல் இரவுச் சாப்பாட்டை நிறுத்தப் போகிறேன்.

அண்ணி: சித்தி, வேண்டாம்! நீங்கள் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறீர்கள். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கமே வரும். டாக்டரைக் கேட்காமல் எந்த வேளையையும் விடாதீர்கள்.

சித்தி: சரி, சரி. உப்புமா ஆறுகிறது, போகிறேன்.

அண்ணன்: மாமா, 40 நிமிடம் எங்கே நடந்தீர்கள்?

மாமா: பெட்போர்டிலிருந்து கீழே பஸ் நிலையம் வரை. வழியில் இரண்டு பேரிடம் பேச்சு.

அண்ணன்: திரும்பும்போது?

அத்தை: பஸ். நான் சொல்கிறேன்.

அண்ணி: அப்படியானால் தலைகீழாக மாற்றுங்கள் மாமா. இறக்கம்தான் முழங்கால் மூட்டுகளை வதைக்கும். மூச்சு வாங்க வைப்பது ஏற்றம். போகும்போது பஸ், வரும்போது நடை. நடைச் செயலி காட்டும் அடிக் கணக்கில் மேடு எவ்வளவு என்று தெரியாது. அதனால் எண்ணிக்கை குறைந்தாலும் கவலை வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் சரி. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மாமா: பாட்டு வேறா? இடையில் நின்று மூச்சு விடலாமா?

அண்ணி: தாராளமாக. நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

அத்தை: ஏறி வரும்போது மார்க்கெட்டில் இரண்டு கிலோ கேரட்டும் ஒரு முட்டைக்கோசும் வாங்கி வாருங்கள். சுமையும் பயிற்சிதானே.

மாமா: நாளை மழை வரும் போலிருக்கிறது.

அத்தை: குடை பின்கதவில் தொங்குகிறது.